பருவத்துக்குப் பருவம் முகப்பரு: சித்திரை வெயில் முதல் மார்கழிப் பனி வரை

பங்குனி வெயில் ஏறியதும் புது ஃபேஸ்வாஷ், ஆடிக் காற்று அடித்ததும் வேறு கிரீம், மார்கழி வந்தால் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டுத் தேங்காய் எண்ணெய். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் பரு உள்ள முகங்களுக்கு ஆண்டு பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. மாற்ற வேண்டியதை விட்டுவிட்டு மாற்றக் கூடாததை மாற்றுவதுதான் இதில் உள்ள கோளாறு.

பருவுக்கான மருந்து ஒத்துக்கொண்டுவிட்டால் அது பன்னிரண்டு மாதமும் ஒன்றுதான். முகம் கழுவும் பொருள், ஈரம் காக்கப் பூசும் மாய்ஸ்சரைசர், மருந்து போடும் இடைவெளி. பருவத்துக்குத் தக்கபடி மாற வேண்டியவை இந்த மூன்று மட்டுமே.

இன்று தெரியும் பரு என்றைக்குப் பிறந்தது?

தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. மயிர்க்காலின் உள்சுவரில் உதிரும் செத்த செல்கள் எண்ணெயோடு குழைந்து வாயை அடைக்கும். அடைப்பு மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு கிடையாது. காற்றுப் பட்டுக் கறுத்த எண்ணெயும் நிறமியும்தான். அதனால் தேய்த்தால் போகாது. அடைப்புக்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி, உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து வீங்குகிறது, சீழ் கட்டுகிறது.

கண்ணுக்குத் தெரியாத முதல் அடைப்பு, தெரியும் பருவாக வளர ஏறக்குறைய 8 வாரம் ஆகும். ஆக, ஆனியில் முகத்தில் நிற்கும் பருவுக்குச் சித்திரையிலேயே வித்து விழுந்துவிட்டது. "நேத்து கல்யாண விருந்து சாப்பிட்டேன், இன்னைக்குப் பரு வந்துருச்சு" என்பது பெரும்பாலும் தப்புக் கணக்கு. பரு வந்த பிறகு அதன் தலையில் மட்டும் மருந்து வைப்பதால் பெரிய பயன் இல்லாததும் இதனால்தான். பரு வழக்கமாக வரும் இடம் முழுவதும் மெல்லிய படலமாக மருந்து போட வேண்டும். பரு இல்லாத மாதத்திலும் போட வேண்டும்.

முதலில் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

கொங்கு நாட்டில் தோல் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீரைப் பேசாமல் விடுவது விநோதம். சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் நுரைத்துத் தள்ளும் சோப்பு, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் தயிர் திரிந்ததுபோல் திரியும். உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சாதாரணச் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவாகி முகத்தில் தங்கிவிடும். வாளி ஓரத்தில் படியும் அதே வெள்ளைதான். தோல் இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கும். மருந்து போட்டால் எரியும். "எனக்கு இந்த மருந்து ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதியளவு வீட்டுத் தண்ணீர் எடுத்து, சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை மேலே நின்று தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் கவலை இல்லை. நுரை அடங்கி, தண்ணீர் கலங்கி, வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் அது கடினத் தண்ணீர்.

அப்படியானால் இரண்டு மாற்றம் செய்யுங்கள். முகத்துக்குச் சோப்பை நிறுத்திவிட்டு, 'சோப்பு இல்லாதது' அல்லது 'சின்டெட்' என்று அட்டையில் போட்டிருக்கும் மென்மையான கிளென்சருக்கு மாறுங்கள். அது கடினத் தண்ணீரிலும் திரியாது. சாதாரணச் சோப்பின் காரத்தன்மை பிஎச் 9 முதல் 10 வரை; தோலின் இயல்பு 5 அளவு. அந்த வித்தியாசமும் இதில் தீரும். இரண்டாவது, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர். குடிக்கப் பிடித்து வைத்த ஆற்றுத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எதுவானாலும் சரி. இதற்கு மேல் தண்ணீருக்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஆண்டு முழுக்க நிற்கும் அடிப்படை

காலையில்: கிளென்சரை ஒரு ரூபாய் நாணயம் அளவு எடுத்து, கையில் குழைத்து, விரல் நுனியால் 30 விநாடி பூசிக் கழுவுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மாய்ஸ்சரைசர், அதன்மேல் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30-க்குக் குறையாத ஜெல் வகைச் சன்ஸ்கிரீன். அளவு, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு. முகத்துக்கும் கழுத்துக்கும் அது சரியாக இருக்கும்.

இரவில்: கழுவி, 10 முதல் 15 நிமிடம் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத் தோலில் போட்டால் எரிச்சல் கூடும். பிறகு மயிர்க்கால் அடைப்பைத் திறக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல். இது மருத்துவர் சீட்டின்பேரில் வாங்க வேண்டியது. ஒரு பச்சைப் பட்டாணி அளவு முழு முகத்துக்கும் போதும். நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து பொட்டு வைத்துப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் விட்டுவிடுங்கள். மேலே மாய்ஸ்சரைசர்.

அளவு சரியா என்பதை ட்யூபே சொல்லிவிடும். பட்டாணி அளவு என்பது சுமார் கால் கிராம். தினம் போட்டாலும் 15 கிராம் ட்யூப் இரண்டு மாதம் வர வேண்டும். மூன்று வாரத்தில் தீர்ந்தால் நீங்கள் மும்மடங்கு பூசிக்கொண்டிருக்கிறீர்கள். பரு அதனால் மும்மடங்கு வேகமாகப் போகாது. தோல் உரிவதுதான் மும்மடங்காகும்.

தொடங்கும் முறை: முதல் இரண்டு வாரம் மூன்று இரவுக்கு ஒருமுறை. அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு. அதன் பிறகு தோல் தாங்கினால் தினமும். முதல் மாதத்தில் உள்ளே இருந்த அடைப்புகள் வெளியே தள்ளப்பட்டுப் பரு கூடியதுபோல் தெரியலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நான்காவது வாரத்தில் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். மலை ஏறப் போய்ப் பாதிப் படியில் இறங்கிவிடுவதுபோல.

சிவந்த, சீழ் கட்டிய பருவும் இருந்தால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல், காலையிலோ மருத்துவர் சொல்லும் நேரத்திலோ. 2.5 சதவீதம் செய்யும் வேலையை 10 சதவீதம் பெரிதாக மிஞ்சுவதில்லை. எரிச்சலில் மட்டும் மிஞ்சும். ஒரு எச்சரிக்கை, குறிப்பாகத் திருப்பூர்க்காரர்களுக்கு: இந்த மருந்து துணிச் சாயத்தை வெளுக்கும். கலர் பனியன், கலர் துண்டு, தலையணை உறை எதுவும் தப்பாது. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறையை இதற்கென ஒதுக்குங்கள். அடாபலீனோடு இது ஒத்துப்போகும். ஆனால் அடாபலீன் வகையையே சேர்ந்த சாதாரண ட்ரெட்டினாயின் மீது சேர்த்துப் பூசினால் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும். இரண்டும் எழுதப்பட்டிருந்தால் ஒன்று காலை, ஒன்று இரவு.

கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடுவது வேண்டாம். பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடு கூட இருந்தால்தான் அந்தப் பழக்கம் தடைபடும்.

கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் அடாபலீன், ட்ரெட்டினாயின் இரண்டையும் தொடக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் போன்ற மாற்று இருக்கிறது; மருத்துவர் தேர்ந்து தருவார்.

மாசி முதல் வைகாசி வரை: வெயில்

கரூரிலும் ஈரோட்டிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதங்கள். தோல் சூடேறினால் எண்ணெய் இளகி வேகமாக வெளியே வரும். வியர்வையில் ஊறிய மயிர்க்கால் வாய் வீங்கிச் சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் அடைப்புக்குக் கேட்கவே வேண்டாம். வீட்டில் இதை 'சூட்டுக் கொப்பளம்' என்பார்கள். பெயர் பொருத்தம்தான், வைத்தியம்தான் பொருந்தவில்லை: மோரும் வெந்தயமும் வயிற்றுக்கு இதம் தரும், மயிர்க்கால் அடைப்பைத் திறக்காது.

இந்த நாலு மாதமும் கிளென்சரை ஜெல் வகைக்கு மாற்றுங்கள். எண்ணெய் வழியும் முகமானால் சாலிசிலிக் அமிலம் 1 முதல் 2 சதவீதம் உள்ள ஃபேஸ்வாஷ் ஒரு வேளை, சாதாரணக் கிளென்சர் ஒரு வேளை. நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். வியர்த்துவிட்டுத் திரும்பினால் மூன்றாவது தடவை வெறும் தண்ணீர். ஐந்து தடவை ஃபேஸ்வாஷ் போட்டு முகத்தை வறட்டிவிட்டால் எரிச்சலில் சிவந்து, மருந்தைத் தாங்காத தோல்தான் மிஞ்சும்.

"எண்ணெய் வழியும்போது மாய்ஸ்சரைசர் எதுக்கு?" என்ற கேள்வி எப்போதும் வரும். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. அடாபலீன் ஈரத்தைக் குறைக்கும். கிளிசரினோ ஹயலுரானிக் அமிலமோ உள்ள ஜெல் வகை, காலையில் அரை டீஸ்பூனுக்கும் குறைவாகப் போட்டால் பிசுபிசுக்காது. அட்டையில் 'நான் காமிடோஜெனிக்' (மயிர்க்காலை அடைக்காதது) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

ஹெல்மெட் தனிக் கதை. நெற்றிப் பட்டையும் தாடை வாரும் உரசும் இடத்தில் வெயில், வியர்வை, அழுத்தம் மூன்றும் கூடுகின்றன. நெற்றியில் கோடு போட்டதுபோல் வரிசையாகப் பரு வந்தால் சந்தேகமே வேண்டாம். உள் மெத்தையைக் கழற்றி வாரம் ஒருமுறை துவையுங்கள். கழற்ற முடியாத வகையானால் மெல்லிய பருத்திக் குல்லாயோ கைக்குட்டையோ உள்ளே போட்டு, அதைத் தினம் மாற்றுங்கள். ஹெல்மெட்டைத் தவிர்ப்பது இதற்கு வழி ஆகாது.

தோளில் கிடக்கும் துண்டும் அப்படியே. காட்டு வேலையில், சந்தையில், நாள் முழுக்க அதே துண்டால் அழுத்தித் துடைப்பது மயிர்க்காலை உரசிப் புண்ணாக்கும். ஒற்றி எடுங்கள். இரண்டு துண்டு வைத்துக்கொண்டு மத்தியானம் ஒன்றை மாற்றுங்கள்.

நூற்பாலை வேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நூல் அறுபடாமலிருக்க மில்லுக்குள் ஈரப்பதத்தை ஏற்றியே வைத்திருப்பார்கள். வெளியே தையானாலும் பங்குனியானாலும் உள்ளே புழுக்கம் ஒன்றுதான். அவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல், ஷிப்ட் உள்ள மாதமெல்லாம் இந்த வெயில் கால முறையையே பின்பற்றலாம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் பஞ்சுத் தூசியை முதலில் தண்ணீரால் அலசிவிட்டு, பிறகு கிளென்சர்.

வெயில் மாதங்களில் இன்னும் இரண்டு. மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதியிருந்தால் வெயில் பட்டதும் தோல் சுட்டதுபோல் சிவக்கலாம். சன்ஸ்கிரீன், தொப்பி, குடை கட்டாயம். அந்த மாத்திரையை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். தொண்டைக்குக் கீழே தங்கிவிட்டால் உணவுக்குழாயில் புண் வரும். பாலோடும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடும் சேர்க்க வேண்டாம். அடுத்தது, பென்சாயில் பெராக்சைடு ட்யூபை ஸ்கூட்டர் பெட்டியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ விடாதீர்கள். சூட்டில் அது சிதைந்து பென்சீன் என்ற நச்சு உண்டாகும்.

வேர்க்குருவையும் பருவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வேர்க்குரு ஓரிரு நாளில் கூட்டமாகக் கிளம்பும், முள் குத்துவதுபோல் அரிக்கும், கழுத்து, முதுகு, முழங்கை மடிப்பில் இருக்கும், காற்றாட விட்டால் அடங்கும். அதற்குப் பரு மருந்து போட்டால் எரிச்சல்தான் மிச்சம்.

ஆனி முதல் ஆவணி வரை: காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நெரிசலோடு புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் தாண்டி வீசும் காலம். காற்றாலைகள் சும்மா அந்தப் பக்கம் நிற்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் தோலின் ஈரம் எம்மாத்திரம்! மழை மலைக்கு அப்பால் பெய்துவிடும். நமக்கு வருவது மேகமூட்டமும் புழுதியும்தான்.

பரு மருந்து போடுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த மாதங்களில்தான். சித்திரையில் தினம் போட்டும் ஒன்றும் செய்யாத அதே அடாபலீன், ஆடியில் எரிக்கத் தொடங்கும். மருந்து கெட்டுப்போகவில்லை. தோலின் மேலடுக்கு காற்றில் உலர்ந்து விரிசல் விட்டதால் மருந்து ஆழமாக இறங்குகிறது.

இது எரிச்சலா, புதுப் பருவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெறும் தண்ணீர் பட்டாலே சுரீரென்று எரிந்தால், மூக்கோரமும் உதட்டோரமும் சிவந்து மெல்லிய செதில் எழுந்தால், தொட்டால் நரநரவென்று இருந்தும் உள்ளே கட்டி தட்டுப்படாவிட்டால் அது எரிச்சல். அப்போது இப்படிச் செய்யுங்கள்:

ஐந்து இரவு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் மூன்றையும் நிறுத்துங்கள். மென்மையான கிளென்சரும் கெட்டியான மாய்ஸ்சரைசரும் மட்டும், காலையும் இரவும். எரிச்சல் அடங்கியதும் அடாபலீனை ஒன்றுவிட்டு ஒரு இரவு, முதலில் மாய்ஸ்சரைசர், பத்து நிமிடம் கழித்து அடாபலீன், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று இரண்டு அடுக்குக்கு நடுவில் வைத்துத் தொடங்குங்கள். பென்சாயில் பெராக்சைடை ஒரு வாரம் கழித்துச் சேர்க்கலாம். சாலிசிலிக் ஃபேஸ்வாஷுக்கு ஆவணி முடியும்வரை விடுமுறை.

எரிச்சல் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வைகாசிக் கடைசியில் காற்று எழும்போதே ஜெல் மாய்ஸ்சரைசரிலிருந்து செராமைடு (தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு) உள்ள லோஷனுக்கு மாறி, தினசரி மருந்தை ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கிவிட்டால் ஆடி அமைதியாகக் கழியும். முழுவதும் நிறுத்திவிடாதீர்கள்.

புழுதி நேரடியாகப் பருவை உண்டாக்குவதில்லை. புழுதி படிந்த முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் கைதான் உண்டாக்குகிறது. இந்த மாதங்களில் ஸ்கிரப், பச்சைப் பயறு மாவு, நலங்கு மாவு எதுவும் முகத்துக்கு வேண்டாம். எவ்வளவு நைசாக அரைத்தாலும் வறண்ட தோலுக்கு அது மணல்தான். வண்டியில் போகும்போது பருத்தித் துப்பட்டாவோ துண்டோ கட்டிக்கொள்ளுங்கள், அதைத் தினம் துவையுங்கள். வானம் மூடியிருக்கிறது என்று சன்ஸ்கிரீனை நிறுத்திவிட வேண்டாம். புற ஊதாக் கதிரில் நல்ல பங்கு மேகத்தைத் தாண்டி வரும். பரு ஆறிய இடத்தில் நிற்கும் பழுப்புத் தழும்பைக் கறுப்பாக்குவது அதுதான்.

அடாபலீனைப் புதிதாகத் தொடங்கப்போகிறவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் தொடங்காமலிருப்பது நல்லது. மாசியோ புரட்டாசியோ பொருத்தமான மாதம். கட்டியாகவும் வலியோடும் பரு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அவர்கள் எந்த மாதமானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: ஈரம்

வடகிழக்கு மழையில் முகம் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். தொல்லை நெற்றி, மார்பு, முதுகுக்கு இடம் மாறும். காயாத பனியனைப் போடுவதும் நனைந்த ஹெல்மெட்டை மறுநாள் மாட்டுவதும் காரணம்.

இந்தக் காலத்தில் ஒரே அளவில், குண்டூசித் தலை போல, அரிப்போடு கூட்டமாக வந்தால், அதில் கரும்புள்ளியோ வெண்புள்ளியோ ஒன்றுகூட இல்லாவிட்டால், அது பரு இல்லாமல் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். பருவுக்கான ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இது கூடத்தான் செய்யும். தோல் மருத்துவர் பார்த்து உறுதி செய்தால் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை நுரையாக்கி அந்த இடத்தில் 5 நிமிடம் வைத்துக் கழுவச் சொல்வார். தேவையானால் வேறு மருந்தும் தருவார். முதுகில் உண்மையான பருவே என்றால் பென்சாயில் பெராக்சைடு வாஷை 2, 3 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுவது, ஜெல்லாகப் பூசி பனியனைக் கெடுப்பதைவிட வசதி.

உள்ளாடையும் பனியனும் காயவில்லை என்றால் இஸ்திரி போட்டுக் காய வையுங்கள்.

மார்கழி, தை: பனி

விடிகாலையில் பனி, பகலில் வறண்ட வெயில். வெந்நீர் வாளி தேடும் காலம். கொதிக்கக் கொதிக்க முகத்தில் ஊற்றாதீர்கள், வெதுவெதுப்பு போதும். குளித்த மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே கிரீம் வகை மாய்ஸ்சரைசர். காலையில் கிளென்சரே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்ற அளவுக்குத் தோல் வறளும் சிலருக்கு, அதில் தவறில்லை.

இங்கே பொறி தேங்காய் எண்ணெய். வெள்ளக்கோவில், காங்கேயம் செக்கில் ஆட்டிய நல்ல எண்ணெயாகவே இருக்கட்டும்; கை, கால், முடிக்கு அதைப்போல ஒன்றில்லை. பரு வரும் முகத்தில் மட்டும் அது மயிர்க்காலை அடைக்கும். உதட்டு வெடிப்புக்குப் பெட்ரோலியம் ஜெல்லி போடலாம்.

தலைக்கு வைக்கும் எண்ணெயும் நெற்றிக்கு இறங்கும். வகிட்டோரத்திலும் நெற்றி மேல்விளிம்பிலும் சின்னச் சின்னப் பொரியாகத் தெரிந்தால் அதுதான். அம்முச்சி "எண்ணெ தேச்சுக் குளி கண்ணு" என்றால் மறுக்க வேண்டாம், முறையை மாற்றுங்கள். நெற்றி விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தேயுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் அரப்போ ஷாம்புவோ போட்டு அலசுங்கள், தலையைச் சாய்த்து அலசுங்கள், எல்லாம் முடிந்த பிறகு முகத்தைக் கடைசியாகக் கிளென்சரால் கழுவுங்கள். இரவு எண்ணெய் வைத்துத் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். தலையணை வழியாகக் கன்னம் முழுக்க ஏறிவிடும்.

வியர்வை குறைவதால் பலருக்குத் தையில் முகம் தெளியும். "சரியாப் போச்சு" என்று மருந்தை நிறுத்துவார்கள். எட்டு வாரக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். தையில் விட்டால் அடைப்புகள் மாசியில் சேர்ந்து, பங்குனியில் வெயிலோடு ஒன்றாகக் கிளம்பும். வாரம் மூன்று இரவாவது அடாபலீன் தொடரட்டும்.

கைமருந்தில் எது ஆகும், எது ஆகாது

ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனாலும் கிழங்கை உரசிப் பரு மேல் பூசுவதால் அடைப்பு திறக்காது. சிலருக்கு ஒவ்வாமை வரும். பூசியே ஆக வேண்டுமென்றால் மருந்து போடாத இரவில், மெல்லிசாக, தேய்க்காமல். எலுமிச்சைச் சாறு கூடவே கூடாது. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பு விழும். பற்பசையும் அப்படித்தான் சுடும். மாரியம்மன் நோம்பியில் மஞ்சள் நீர் ஊற்றிக்கொள்ளும் நாளுக்கு முந்தின இரவு அடாபலீனைத் தவிர்த்து, காலையில் மாய்ஸ்சரைசர் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் போனால் எரிச்சல் இல்லாமல் திரும்பலாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, கடையில் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' கிரீம். ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும், பருவும் அமுங்கும். அதனால்தான் ஒருவர் கையிலிருந்து பத்துப் பேர் கைக்குப் போகிறது. பிறகு தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, நிறுத்தினால் முன்பைவிடக் கூடுதலாகப் பரு கொட்டும். மாதக்கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டில் ஓரளவு சான்று உள்ளவை இரண்டு: இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுகள், பால். பேக்கரிக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் நாளுக்கு நாலு சர்க்கரை டீயும் தேங்காய் பன்னும் இருந்தால் அதை ஒன்றாகக் குறைத்து மூன்று மாதம் பாருங்கள். ஜிம்முக்குப் போகிறவர்கள் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) தொடங்கிய தேதியையும் பரு கூடிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொள்ளு சூடு, பரு வரும் என்பார்கள். கொள்ளுப் பருப்பின்மேல் அந்தப் பழிக்குச் சான்று கிடையாது. கடைந்து சாப்பிடுங்கள்.

தை முகூர்த்தம் வைத்திருப்பவர்களுக்கு

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தை பிறந்தால் மண்டபம் கிடைக்காது. பரு உள்ள மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய மாதம் புரட்டாசி, தப்பினால் ஐப்பசித் தொடக்கம். 12 வாரம் வேண்டும் என்பதால்தான். கடைசி இரண்டு வாரத்தில் புது ஃபேஷியல், புது கிரீம், பிளீச் எதுவும் முயல வேண்டாம். முகூர்த்தத்துக்கு மூன்று நான்கு நாள் முன் பெரிய கட்டி ஒன்று கிளம்பிவிட்டால் பிதுக்காதீர்கள். தோல் மருத்துவர் அந்தக் கட்டிக்குள் நேராகச் சிறு ஊசி போட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும். அதையே பிதுக்கினால் ஆல்பம் முழுக்க நிற்கும்.

எப்போது மருத்துவரிடம்

12 வாரம் ஒழுங்காகச் செய்தும் பாதியாவது குறையாவிட்டால். தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகள் வந்தால். பள்ளம் விழத் தொடங்கினால். பள்ளத்தைப் பின்னால் நிரப்புவது செலவும் சிரமமும் ஆன வேலை, முன்னால் தடுப்பது எளிது. பெண்களுக்குத் தாடையோரப் பருவோடு மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, எடை ஏறுவது சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; மேலே பூசும் ஜெல் மட்டும் அங்கே போதாது.

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தருவார்கள். நல்ல மருந்து, ஆனால் வயிற்றில் உள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனம் விளைவிக்கும். பெண்கள் சாப்பிடத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்கவே கூடாது. இரத்தப் பரிசோதனையும் உண்டு. மார்கழியில் சாப்பிடுகிறவர்களுக்கு உதடு வெடித்து ஒழுகும். பெட்ரோலியம் ஜெல்லி எப்போதும் பையில் இருக்கட்டும். தோழி சாப்பிட்டு நன்றானாள் என்று அவள் அட்டையிலிருந்து கிள்ளி எடுத்துச் சாப்பிடுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

கோவை, சேலம், கரூர், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளர் சீட்டு வாங்கிக் காலையில் பார்க்கலாம். போகும்போது முகத்தில் பவுடர் போட வேண்டாம். இதுவரை பூசிய ட்யூப்களை, காலியானவையும் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டவையும் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய், ஜிம் பவுடர், சமீபத்தில் போட்ட பி12 ஊசி, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருக்கட்டும். எந்த மாதத்தில் கூடுகிறது, எந்த மாதத்தில் குறைகிறது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்; போனில் மாதம் ஒரு படம், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.